எம்ஜிபி காருக்குள் பியூக் 215: பழைய அலுமினிய வி8 எஞ்சினை மாற்றிப் பொருத்த முழுமையான வழிகாட்டி

எம்ஜி என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் பழைய ஸ்போர்ட்ஸ் காரான எம்ஜிபியின் பானட்டைத் திறந்து காட்டி, இதற்குள் வி8, அதாவது வி வடிவில் எட்டு சிலிண்டர் நிற்கும் எஞ்சின் போகுமா என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் போகாது என்பார்கள். போகும். பியூக் 215 என்ற அமெரிக்க எஞ்சினின் பிளாக், ஹெட் இரண்டுமே அலுமினியம். உலர் எடை 144 கிலோதான். எம்ஜிபியில் கம்பெனியே வைத்து அனுப்பிய நான்கு சிலிண்டர் இரும்பு எஞ்சினை விட எடை கூடாது. அதனால் காரின் முன்பக்கம் அமுங்காது, ஸ்டியரிங் கனக்காது, வளைவில் கார் தன் பழைய குணத்தை இழக்காது. இந்த மாற்றத்தில் எனக்கு ஈர்ப்பு வந்ததே இதனால்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எஞ்சினைத் தூக்கி உள்ளே இறக்க ஒரு மதியப் பொழுது போதும். அதைச் சுற்றியிருக்கும் ஸ்டியரிங் தண்டு, சைலன்சர் குழாய், ஆயில் ஃபில்டர், ரேடியேட்டர், கியர்பாக்ஸ் எல்லாவற்றுக்கும் இடம் கண்டுபிடிக்கத்தான் மாதங்கள் ஆகும். நானும் நண்பர் ஒருவரும் இங்கிலாந்தில் ஒரு 1972 எம்ஜிபி ஜிடி (மூடிய கூரை வகை) காரில் இதைச் செய்து முடிக்கப் பதினெட்டு மாதம் ஆனது. சனி, ஞாயிறு மட்டும் செய்த வேலை.

எஞ்சினின் கதை

ஜெனரல் மோட்டார்ஸ் இந்த எஞ்சினை 1961 மாடல்களில் கொண்டுவந்தது. பெயரில் உள்ள 215 என்பது கன அங்குலக் கணக்கு. நமக்குப் பழகிய அளவில் 3,528 சிசி. போர் (சிலிண்டர் விட்டம்) 88.9 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 71.1 மி.மீ. பியூக் ஸ்பெஷல், ஓல்ட்ஸ்மொபைல் எஃப்-85 ஆகிய கார்களில் முக்கியமாக வந்தது. இரண்டுக்கும் அடிப்படை ஒன்று என்றாலும் ஹெட் வேறு. பியூக்கில் ஒரு சிலிண்டரைச் சுற்றி ஐந்து ஹெட் போல்ட், ஓல்ட்ஸ்மொபைலில் ஆறு. 1966இல் ஜாக் பிராபம் ஃபார்முலா ஒன் பட்டம் வென்ற ரெப்கோ எஞ்சின், இந்த ஓல்ட்ஸ்மொபைல் பிளாக்கை வைத்துக் கட்டியதுதான்.

அலுமினிய வார்ப்பு அந்தக் காலத்தில் செலவு பிடித்த வேலை. வார்ப்பில் நுண்துளை விழுந்து நிறைய பிளாக்குகள் வீணாயின. வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டியவர்களின் கார்களில் அரிப்பும் அடைப்பும் வந்தன. 1963 மாடலோடு அமெரிக்காவில் இதை நிறுத்திவிட்டார்கள். 1965இல் பிரிட்டனின் ரோவர் கம்பெனி உரிமையை வாங்கியது. பியூக்கில் இந்த எஞ்சினை வடிவமைத்து ஓய்வுபெற்ற ஜோ டர்லே ஆலோசகராக இங்கிலாந்துக்கே வந்து உதவினார். ரோவர் பி5பி, பி6, மோர்கன் பிளஸ் 8, ரேஞ்ச் ரோவர் எல்லாவற்றிலும் ஓடியது இதன் வாரிசுதான்.

எம்ஜிபிக்குள் இதை முதலில் தொழிலாகவே பொருத்திக் கொடுத்தவர் கென் காஸ்டெல்லோ என்ற பந்தய ஓட்டுநர், 1970 வாக்கில். அதைப் பார்த்த பிறகு கம்பெனியே 1973இல் எம்ஜிபி ஜிடி வி8 காரை இறக்கியது. 1976க்குள் 2,591 கார்கள் வந்தன. குதிரைத்திறன் 137. கூரை திறக்கும் ரோட்ஸ்டர் உடலில் கம்பெனி அப்போது வி8 வைக்கவில்லை. 1992இல் வந்த ஆர்வி8 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு விஷயம். எம்ஜிபியிலிருந்து நீங்கள் கழற்றி வெளியே வைக்கும் 1,798 சிசி எஞ்சின் பிஎம்சியின் (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பி-சீரிஸ். நம் அம்பாசடரில் பல ஆண்டு ஓடிய 1,489 சிசி பெட்ரோல் எஞ்சினும் அதே குடும்பம். அம்பாசடர் எஞ்சினைப் பிரித்துப் பூட்டிய கைக்கு எம்ஜிபியின் பானட்டுக்குள் எதுவும் அந்நியமாகத் தெரியாது. கழற்றியதை விற்றுவிடாமல் எண்ணெய் தடவி மூடி வையுங்கள்.

சட்டம்

எஞ்சின் வாங்கும் முன்பே பார்க்க வேண்டியது இது. பிரிட்டனில் எஞ்சின் எண்ணும் சிசியும் மாறினால் வாகனப் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏவுக்குத் தெரிவித்துப் பதிவுப் புத்தகத்தைத் திருத்த வேண்டும். இன்ஷூரன்ஸ் கம்பெனியிடமும் எழுத்தில் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் விபத்து நேரத்தில் பாலிசி செல்லாமல் போகலாம். நாற்பது ஆண்டு தாண்டிய கார்களுக்கு அங்கே ஆண்டுச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு. காரைப் பெரிய அளவில் மாற்றியிருந்தால் அந்த விலக்கு போய்விடும். சிலிண்டர் எண்ணிக்கை மாறுவது பொதுவாக அப்படிப்பட்ட மாற்றமாகவே பார்க்கப்படும். ஆனால் கம்பெனியே அந்த மாடலில் ஒரு மாற்று எஞ்சினாகக் கொடுத்திருந்தால் கணக்கு வேறு. எம்ஜிபிக்கு வி8 அப்படி வந்தது என்பது உங்கள் பக்கத்துக்கு வலு. இருந்தாலும் விலக்கு இருக்கிறதோ இல்லையோ, வேலை முடிந்ததும் ஒருமுறை சோதனைக்குக் கொண்டுபோய்விடுங்கள். இன்னொருவர் கண் படுவது நல்லது.

இந்தியாவில் இருப்பவர்கள் கவனிக்க: 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது. ஆர்டிஓ அனுமதி இல்லாமல் இங்கே இப்படி ஒரு மாற்றத்தில் கைவைக்க வேண்டாம்.

எந்த எம்ஜிபி?

1962 முதல் 1980 வரை வந்த கார் இது. எல்லா வருடமும் இந்த வேலைக்கு ஒன்றுபோல ஒத்துவராது. 1967 இறுதிக்கு முன் வந்தவற்றில் கியர்பாக்ஸ் சுரங்கம் குறுகல், மின்சாரம் பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை காரின் உடலோடு இணைந்தது), ஆல்டர்னேட்டருக்குப் பதில் டைனமோ. பழைமைக்காகவும் அவற்றை விட்டுவிடுவது நல்லது. அசலாக நிற்கும் ஆரம்பகாலக் காரை வெட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

1967 இறுதிக்குப் பிறகு வந்தவற்றில் சுரங்கம் அகலமாகிவிட்டது, நெகட்டிவ் எர்த்தும் வந்துவிட்டது. 1974 இறுதியிலிருந்து வந்த கறுப்பு ரப்பர் பம்பர் கார்கள் இன்னும் வசதி. கம்பெனி வி8 காருக்காகச் செய்த உடல் மாற்றங்கள் நான்கு சிலிண்டர் காருக்கும் அப்படியே வந்துவிட்டன. பார்க்க அழகில்லை என்று அவற்றைக் குறைத்து மதிப்பிடுவார்கள்; விலையும் குறைவு. முதல் முறை செய்பவருக்கு நான் சொல்வது இந்தக் கார்தான். நாங்கள் 1972 குரோம் பம்பர் காரை எடுத்து அதற்கான விலையை வேலையில் கொடுத்தோம்.

எந்த வருடமானாலும் துரு பார்க்காமல் வாங்காதீர்கள். இந்தக் காருக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது, உடலே சேஸிஸ். கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதி துருப்பிடித்திருந்தால், வி8இன் இழுப்பில் கார் முறுக்கிக்கொள்ளும். முதலில் உடல், பிறகு எஞ்சின்.

எஞ்சினைப் பிரித்துப் பார்ப்பது

ஓடும் எஞ்சின் என்று சொல்லி விற்றாலும் பிரிக்காமல் பூட்டாதீர்கள். அறுபது வயது தாண்டிய அலுமினியம் இது. கழுவிய பிளாக்கை ஒரு நல்ல எஞ்சின் பட்டறையில் கொடுத்து, தண்ணீர்ப் பாதைகளை அடைத்துக் காற்றழுத்தம் கொடுத்துச் சோதியுங்கள். நுண்துளை இருந்தால் அங்கேயே குமிழி விட்டுக் காட்டிக்கொடுக்கும். தண்ணீர்ப் பாதைகளின் ஓரங்களில் வெள்ளைப் பொடி பூத்து அலுமினியம் தின்னப்பட்டிருக்கிறதா என்று விரல் விட்டுத் தடவிப் பாருங்கள்.

அப்புறம் முன்பக்க மூடியைக் கழற்றி டைமிங் செயினைப் பாருங்கள். கேம் பக்கச் சக்கரம் அலுமினியம், அதன் பற்களுக்கு மேல் நைலான் போர்த்தியிருப்பார்கள். சத்தம் குறைய அந்தக் காலத்தில் செய்த ஏற்பாடு. வயதாக ஆக நைலான் காய்ந்து உடைந்து கீழே விழும். எங்கள் எஞ்சினின் சம்பை, அதாவது அடியில் உள்ள ஆயில் தொட்டியைத் திறந்தபோது, ஆயில் உறிஞ்சும் சல்லடையில் நகத்துண்டு போல மஞ்சள் பழுப்புத் துணுக்குகள் ஒட்டிக்கொண்டிருந்தன. எண்ணிப் பார்த்தோம், பதினொன்று. விற்றவர் சொன்னபடி அது ‘நன்றாக ஓடும் எஞ்சின்’தான், இன்னும் சில நூறு மைல் ஓடியிருந்தால் சல்லடை அடைத்து பேரிங் போயிருக்கும். முழு இரும்புச் சக்கரம், புதுச் செயின் இரண்டையும் போடுங்கள். இதில் யோசிக்கவே வேண்டாம்.

வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டின் தேய்மானம் இந்தக் குடும்பத்தின் பரம்பரை நோய். கேமை மாற்றினால், அதன் மேல் உட்கார்ந்து நகரும் டேப்பெட்டுகளையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழைய டேப்பெட் புதுக் கேமைத் தின்றுவிடும். கிராங்கின் பின்பக்க ஆயில் சீல் கயிறு வகை; அதைப் பொறுமையாக உருட்டி உருட்டி உட்கார வைத்து, எண்ணெயில் ஊறவைத்து, நுனியைச் சரியான நீளத்தில் வெட்ட வேண்டும். அவசரப்பட்டால் கியர்பாக்ஸ் கட்டி முடித்த பிறகு கீழே சொட்டும்.

இனி மரை. பியூக்கில் அலுமினியத்துக்குள் போகும் போல்ட்டுகள் பெரும்பாலும் யுஎன்சி, அதாவது பெரிய மரை. எம்ஜிபியில் யுஎன்எஃப், பொடி மரை. 3/8 அங்குல போல்ட்டில் யுஎன்சிக்கு ஓர் அங்குலத்துக்கு 16 மரை, யுஎன்எஃப்புக்கு 24. தலை ஒரே அளவு, ஸ்பானரும் ஒன்றுதான். கலந்துபோனால் முதல் சுற்று இறங்குவது போலத்தான் இருக்கும். நான் அப்படி ஒன்றை மவுண்ட் துளையில் ஏற்றிவிட்டேன். ஸ்பானரில் அந்த இளக்கம் தெரிந்த நொடியில் மரை போய்விட்டது என்று கைக்குத் தெரிந்தது. துளையைப் பெரிதாக்கி ஹெலிகாயில் (புது மரையாக நிற்கும் கம்பிச் சுருள்) போட்டுத்தான் காப்பாற்றினோம். அதன் பிறகு இரண்டு வகை போல்ட்டுகளையும் இரண்டு நிற டப்பாக்களில் வைத்தோம். அலுமினியத்துக்குள் போகும் ஒவ்வொரு போல்ட்டையும் முதலில் விரலால் திருகுங்கள், மரையில் ஆன்டி-சீஸ் பசை தடவுங்கள், கடைசி இறுக்கம் டார்க் ரெஞ்சில் மட்டும். தண்ணீர்ப் பாதைக்குள் நுழையும் போல்ட்டுக்குப் பசைக்குப் பதில் சீலன்ட்.

கிராங்க், ஃப்ளைவீல், முன் புல்லி, கிளட்ச் கவர் நான்கையும் சேர்த்து ஒரே நேரத்தில் பேலன்ஸ் செய்யக் கொடுங்கள். வேறு வேறு கார்களிலிருந்து வந்த உறுப்புகளை இணைக்கிறோம், அதனால் இதைத் தவிர்க்க முடியாது.

வெற்று பிளாக்கை வைத்து அளப்பது

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும்தான் நீங்கள் கடைப்பிடிப்பீர்கள் என்றால், அது இதுவாக இருக்கட்டும். முழு எஞ்சினைக் கட்டும் முன், வெற்று பிளாக், ஹெட் இரண்டு, சம்ப், முன் மூடி, பெல் ஹவுசிங் (எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கூடு), காலி கியர்பாக்ஸ் கூடு இவற்றை மட்டும் பூட்டி காருக்குள் இறக்குங்கள். இரண்டு பேர் கையாலேயே நகர்த்தக்கூடிய எடைதான். பத்து முறை ஏற்றி இறக்கினாலும் சலிக்காது. முழு எஞ்சினை வைத்துக்கொண்டு இதைச் செய்ய முயன்றால் மூன்றாவது முறையே ‘இது போதும்’ என்று மனம் சமாதானம் சொல்லும்.

காரில் இருக்கும் பழைய மவுண்ட் தாங்கிகள் வி8க்கு உதவாது. குரோம் பம்பர் காரில் அவற்றை வெட்டி எடுத்துவிட்டு, பிளாக்கின் இரு பக்கவாட்டிலும் உள்ள துளைகளுக்கு நேராகப் புதிய தாங்கிகளை வெல்டு செய்ய வேண்டும். முதலில் அட்டையில் வெட்டிப் பாருங்கள், அடுத்து பிளைவுட்டில், கடைசியாக இரும்பில். இரும்பிலும் முதலில் டேக், அதாவது புள்ளி புள்ளியாக வெல்டு மட்டும் அடித்து நிறுத்துங்கள். முழு வெல்டிங் எல்லா உறுப்பும் இடம் பிடித்த பிறகுதான்.

எஞ்சின் உட்கார வேண்டிய இடத்தை நான்கு திசையும் சேர்ந்து முடிவு செய்கின்றன. கீழே கிராஸ்மெம்பர் (குறுக்கே ஓடும் இரும்புத் தாங்கி) சம்பைத் தடுக்கும். மேலே பானட் கார்பரேட்டரைத் தடுக்கும். பின்னே தீச்சுவர் (எஞ்சின் அறைக்கும் பயணிகள் பகுதிக்கும் நடுவே உள்ள சுவர்), முன்னே ரேடியேட்டர். இந்த நான்குக்கும் நடுவில் ஒரு சின்னப் பெட்டி அளவு இடம் உங்களுக்குக் கிடைக்கும். நீளவாட்டில் எஞ்சின் பின்பக்கம் சற்றுச் சாய்ந்திருப்பது இயல்பு. ஆனால் கியர்பாக்ஸின் வெளித்தண்டும் ஆக்சில் பினியனும் ஒன்றுக்கொன்று இணையான கோட்டில் இருக்க வேண்டும். ஆங்கிள் கேஜ் வைத்து இரண்டையும் அளந்து சாக்பீஸால் காரின் மேலேயே எழுதி வையுங்கள். இது தவறினால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் அதிர்வு ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஆரம்பித்து இருக்கை வரை வரும், பிறகு எங்கே தேடியும் காரணம் கிடைக்காது.

பிளாக் உள்ளே இருக்கும்போதே ஸ்டியரிங் தண்டைப் பொருத்திப் பாருங்கள். வலப்பக்க ஸ்டியரிங் உள்ள காரில் தண்டும் வலப்பக்க எக்சாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே இடத்துக்குச் சண்டை போடும். எங்கள் காரில் முதல் முறை வைத்தபோது இடைவெளி ஐந்து மி.மீ. கூட இல்லை. ரப்பர் மவுண்ட்டில் எஞ்சின் ஆடும் என்பதை மறந்துவிடக் கூடாது. ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது அது ஒரு பக்கமாக உருளும். இருபது மி.மீ. இல்லாமல் நான் நிம்மதியாக ஓட்ட மாட்டேன். தண்டில் சிறிய அளவு யுனிவர்சல் ஜாயின்ட் போட்டு வழியைத் திருப்பியும், மேனிஃபோல்ட் குழாயை உள்ளே வளைத்தும் அந்த இடைவெளியைக் கொண்டுவந்தோம். ஸ்டியரிங் தண்டில் வெல்டிங் வேலையை மட்டும் அதற்கென்றே தேர்ந்தவரிடம் கொடுங்கள்.

எக்சாஸ்டுக்கு இரண்டு வழி. ஒன்று, பிளாக்கை ஒட்டியே கீழே இறங்கும் குறுகிய மேனிஃபோல்ட். மற்றது, ஆர்வி8 காரில் செய்தது போல உள் விங்கில் துளை வெட்டி, குழாயைச் சக்கரக் குழிவு வழியே கொண்டுபோவது. இரண்டாவதில் எஞ்சின் அறைச் சூடு வெகுவாகக் குறையும், ஸ்டியரிங் தண்டும் தப்பும். ஆனால் உடலை வெட்ட வேண்டும், திரும்ப அசலுக்குக் கொண்டுவருவது பெரிய வேலை.

ஆயில் ஃபில்டர் அதன் சொந்த இடத்தில் நிற்காது, காரின் முன் உறுப்புகளில் இடிக்கும். கம்பெனி வி8 காரிலேயே ஃபில்டரைத் தள்ளி வைத்து இரண்டு ஹோஸில் இணைத்திருந்தார்கள். நீங்களும் அதையே செய்யுங்கள். ஹோஸ் நல்ல தரமாக இருக்கட்டும். அது கழன்றால் எஞ்சினின் ஆயில் முழுவதும் சில நொடிகளில் சாலைக்கு வந்துவிடும்.

பானட் உயரத்துக்குக் காஸ்டெல்லோ கண்ட வழி பானட்டில் ஒரு புடைப்பு. கம்பெனி கண்ட வழி, இரண்டு எஸ்யூ கார்பரேட்டர்களை எஞ்சினின் பின்புறம், தீச்சுவரை ஒட்டி வைத்துவிட்டது. பானட் அசலாகவே இருக்கும் என்பதால் எனக்குக் கம்பெனி வழிதான் பிடிக்கும். பியூக்கின் சொந்த நாலு பேரல் கார்பரேட்டரை வைக்க ஆசைப்படுபவர்கள் களிமண் உருண்டையை அதன் தலையில் வைத்துப் பானட்டை மெதுவாக மூடித் திறந்து, எவ்வளவு நசுங்கியது என்று பாருங்கள்.

கியர்பாக்ஸும் ஆக்சிலும்

கம்பெனி வி8 காரில் எம்ஜிபியின் நாலு கியர் பெட்டியையே மாற்றியமைத்து ஓவர்டிரைவோடு வைத்தார்கள். வி8இன் இழுப்புக்கு அது கடைசி எல்லை. இன்று செய்பவருக்கு நல்ல துணை ரோவர் எஸ்டி1இல் வந்த ஐந்து கியர் எல்டி77. பெயரில் உள்ள 77 உள்ளே இரு தண்டுகளுக்கும் நடுவே உள்ள தூரம், மில்லிமீட்டரில். பெல் ஹவுசிங் துளைகள் பியூக்குக்கும் ரோவருக்கும் ஒத்துப்போகும். கிராங்கின் பின் முனை அப்படி ஒத்துப்போகாது. அந்தக் கால பியூக்குகளில் நிறைய ஆட்டோமேட்டிக் பெட்டியோடு வந்தவை. ஆகவே கியர்பாக்ஸின் உள்தண்டு நுனி உட்காரும் பைலட் புஷ்ஷுக்குக் குழி இருக்கிறதா, எவ்வளவு ஆழம், என்ன விட்டம் என்று அளந்துகொண்டு லேத்தில் அதற்கேற்ற வெண்கலப் புஷ் கடையுங்கள். நுனி குழியின் அடியில் முட்டினால் போல்ட் இறுக்கும்போதே பேரிங் கெடும்.

பெல் ஹவுசிங்கை மட்டும் பிளாக்கில் பூட்டி, கிராங்கில் டயல் கேஜ் கட்டி ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். நடுத்துளை மையத்தில் இல்லை என்றால் கிளட்ச் எப்போதும் இழுத்துக்கொண்டே இருக்கும். எல்டி77 அகலமான பெட்டி, சுரங்கத்தில் ஓரிரு இடங்களைச் சுத்தியால் தட்டி அகட்ட வேண்டிவரும். பின் தாங்கியையும் புதிதாகச் செய்ய வேண்டும்.

ஆக்சில் விகிதத்தில் கொஞ்சம் கணக்குப் போடலாம். நான்கு சிலிண்டர் எம்ஜிபியில் விகிதம் 3.909. டாப் கியரில் எஞ்சின் 1,000 சுற்றுக்கு சுமார் மணிக்கு 29 கி.மீ. கம்பெனி வி8இல் விகிதம் 3.07, அதே சுற்றுக்குச் சுமார் 37 கி.மீ. ஐந்து கியர் பெட்டியில் ஐந்தாவது 0.8க்கு அருகில் என்றால், பழைய ஆக்சிலை வைத்துக்கொண்டே 36 கி.மீ. வந்துவிடும். நெடுஞ்சாலையில் மணிக்கு 110இல் எஞ்சின் 3,000 சுற்றில் போகும், நிதானமாக இருக்கும். அதனால் ஐந்து கியர் போடுபவர் உடனே ஆக்சிலுக்குச் செலவழிக்கத் தேவையில்லை. ஆனால் முதல் கியர் மிகவும் குட்டையாக இருக்கும், கிளம்பின உடனே இரண்டாவதுக்குப் போக வேண்டும்.

கம்பிச் சக்கரங்களைக் கம்பெனி வி8 காருக்குக் கொடுக்கவே இல்லை. நீங்களும் போடாதீர்கள். முன் பிரேக்குக்குத் தடித்த டிஸ்க், அதற்கேற்ற காலிப்பர் கட்டாயம்.

தண்ணீரும் சூடும்

பலர் தோற்பது இங்கேதான். ரேடியேட்டரை முன்னே தள்ளி வைத்து, அகலமான கோர் போட்டு, மின்விசிறி இரண்டு வையுங்கள். கம்பெனியும் இரண்டு வைத்தது. வாட்டர் பம்பின் மூக்கு நீளமாக இருந்தால் ரேடியேட்டரைத் தொடும், குட்டை மூக்கு பம்பைத் தேடி வாங்குங்கள். தண்ணீர் ஊற்றும்போது காரின் முன்பக்கத்தை ஜாக்கில் தூக்கி, ரேடியேட்டர் வாய் எஞ்சினை விட உயரத்தில் இருக்கும்படி வைத்து ஊற்றினால் காற்றுக்குமிழ் சிக்காது. வெறும் தண்ணீர் கூடவே கூடாது. அலுமினியத்துக்கு ஏற்ற அரிப்புத் தடுப்பு கூலன்ட்டைச் சரிபாதியாகக் கலந்து ஊற்றி, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். அமெரிக்காவில் இந்த எஞ்சினுக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்ததில் பாதி இந்த அலட்சியம்தான்.

வயரிங்

இக்னிஷன் வரிசை 1-8-4-3-6-5-7-2. காருக்குள் உட்கார்ந்து முன்னே பார்த்தால் இடப்பக்கம் ஒற்றை எண்கள், வலப்பக்கம் இரட்டை எண்கள். இதில் 5, 7 இரண்டும் பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள், அடுத்தடுத்துத் தீப்பொறி வாங்குபவை. இரண்டின் பிளக் வயரையும் ஒட்டி ஓடவிட்டால் ஒன்றின் மின்சாரம் மற்றதைத் தூண்டி, நேரத்துக்கு முன்பே பொறி விழும். இவற்றை ஒரே கிளிப்பில் கட்டாமல் தனித்தனியாக இடைவெளி விட்டுக் கட்டுங்கள்.

முதல் ஸ்டார்ட்

இந்த எஞ்சினின் ஆயில் பம்ப் முன் மூடிக்குள் இருக்கிறது. உலர்ந்திருந்தால் அது ஆயிலை உறிஞ்சாது. எவ்வளவு சுற்றினாலும் காற்றைத்தான் சுற்றும். பம்பின் அடித்தட்டைக் கழற்றி, பற்சக்கரங்களுக்கு இடையே உள்ள வெளி முழுவதும் வாசலினை விரலால் அழுத்தி நிரப்புங்கள். ஒரு துளி இடம் காலியாக விடாமல், நிரம்பி வழியும்வரை. கிரீஸ் வேண்டாம், வாசலின் சூடு பட்டதும் ஆயிலில் கரைந்துவிடும், கிரீஸ் கரையாமல் போய்ப் பாதைகளை அடைக்கும். தட்டை மூடியபின், டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றிவிட்டு அதன் துளை வழியே பம்ப் தண்டை மெதுவாக ட்ரில் மெஷினில் சுற்றுங்கள். சில நொடியில் ட்ரில் கனக்கும். அந்தக் கனம்தான் அழுத்தம் ஏறிவிட்டதற்கு அடையாளம். ராக்கர்களில் ஆயில் கசிந்து வரும்வரை விடாதீர்கள்.

புதுக் கேம் போட்டிருந்தால் ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடக் கூடாது. உடனே 2,000 முதல் 2,500 சுற்றுக்குக் கொண்டுபோய் இருபது நிமிடம் அங்கேயே வையுங்கள். கேமுக்கும் டேப்பெட்டுக்கும் நடுவே ஆயில் தெறித்து விழுவது அந்தச் சுற்றில்தான். ஆயிலும் துத்தநாகச் சேர்க்கை நிறைந்த பழைய வகையாக இருக்கட்டும், இன்றைய கார் ஆயில்களில் அது குறைவு. ஆகவே ஸ்டார்ட் ஆவதற்கு முன்பே தண்ணீர், பெட்ரோல், டைமிங், விசிறி எல்லாம் சரியாக இருக்க வேண்டும். ஒருவர் ஆக்சிலரேட்டரிலும் ஒருவர் தீயணைப்பானோடு பக்கத்திலும் நிற்க வேண்டும்.

கேஜைப் பார்த்து ஒரு பயம் வரும். நான்கு சிலிண்டர் எம்ஜிபியில் ஆயில் அழுத்தம் 60 பிஎஸ்ஐ பக்கம் நின்று பழகிய கண்ணுக்கு, இதில் ஓடும்போது 30 முதல் 40 மட்டும் காட்டுவது அதிர்ச்சியாக இருக்கும். சூடான ஐடிலில் இன்னும் கீழே போகும். இந்த எஞ்சினின் வடிவமைப்பே அப்படித்தான். டேப்பெட் சத்தம் போடாத வரை கவலைப்பட வேண்டாம்.

எங்கள் கார் முதலில் உயிர் பெற்றபோது பழைய நான்கு சிலிண்டரின் அந்தத் தடதடப்பு இல்லை. அடியில் ஒரு மெத்தென்ற உறுமல் மட்டும். நண்பர் இருபது நிமிடமும் ஒரு வார்த்தை பேசாமல் வெப்பமானியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

முதல் ஐம்பது மைல் வீட்டைச் சுற்றியே ஓட்டுங்கள். திரும்பி வந்ததும் ஆயிலை வடித்து, ஃபில்டரை வெட்டித் திறந்து உள் மடிப்புகளில் உலோகத் துணுக்கு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். மவுண்ட் போல்ட், ஸ்டியரிங் ஜாயின்ட் போல்ட், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் போல்ட், எக்சாஸ்ட் நட் அனைத்தையும் மறுபடி இறுக்கிச் சரிபாருங்கள். ஸ்டியரிங் தண்டுக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே எங்காவது பெயின்ட் பளபளத்துத் தேய்ந்திருந்தால் எஞ்சின் அங்கே தொடுகிறது என்று பொருள். அதைச் சரிசெய்யும்வரை வண்டியை வெளியே எடுக்காதீர்கள். ஐந்நூறு மைலில் ஆயிலையும் ஃபில்டரையும் இன்னொரு முறை மாற்றிவிட்டு, எஞ்சின் முழுதும் ஆறிய பிறகு கூலன்ட் அளவையும் பாருங்கள்.